போன் பாதி தூரம் கூட வரும்... கடைசி ஐந்து மீட்டர் உங்கள் பாடு! கேம்ப் கிரவுண்டில் ஒரு புதையல் வேட்டை

பிள்ளைகள் கையிலிருந்து போனை எப்படி வாங்குவது? உலகம் முழுக்க இப்போது வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து இதுதான். பஞ்சாயத்து முற்றிப்போய் நாடாளுமன்றம் வரைக்கும் வந்தாச்சு. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியா. 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் போனுக்குத் தடை என்று பிரான்ஸ் 2018லேயே சட்டம் கொண்டுவந்தது.

சரி, வாங்கி வெச்சாச்சு. அடுத்து அந்தக் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம்? இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் கிடையாது.

அமெரிக்க சமூக உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2024ல் வெளியிட்ட 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' புத்தகத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். வெளி உலகத்தில் பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம். இணைய உலகத்திலோ காவலே இல்லாமல் அவிழ்த்து விட்டுவிட்டோம் என்பது அவருடைய வாதம். பிள்ளைகளின் மனநலப் பிரச்னைகளுக்கெல்லாம் போன்தான் காரணம் என்பதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால், 'வெளியே விளையாடுவது குறைந்துபோச்சு' என்ற பாதியை மறுப்பவர்கள் குறைவு.

இந்த இடத்தில்தான் 25 வயதைத் தாண்டிவிட்ட ஒரு விளையாட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஜியோகேச்சிங். போனைப் பிடுங்காமல், அதே போனை வைத்தே பிள்ளைகளை வெளியே இழுத்துவரும் விளையாட்டு. அதிலும் அமெரிக்காவின் கேம்ப் கிரவுண்டுகளில், குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்காக வைக்கப்படும் புதிர்கள் இருக்கிறதே... இந்த விவாதத்துக்கு அதில் நிறைய பாடம் இருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் தொடங்கிய கதை

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை ஜி.பி.எஸ் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு அரைகுறையாகத்தான் கிடைத்தது. பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. 'இங்கே இருக்கிறீர்கள்' என்று கருவி காட்டும் இடத்துக்கும் நீங்கள் நிஜமாக நிற்கும் இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம். அதிபர் பில் கிளின்டனின் உத்தரவுப்படி அந்த வருஷம் மே 1ஆம் தேதி இரவு அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே ராத்திரியில் உலகத்திலுள்ள ஜி.பி.எஸ் கருவிகள் எல்லாம் கூர்மையாகிவிட்டன.

அடுத்த இரண்டாவது நாள், மே 3. ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லேண்ட் நகருக்குப் பக்கத்திலுள்ள பீவர்கிரீக் என்ற இடத்தில், டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை மறைத்து வைத்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், கவண், ஒரு டின் பீன்ஸ், பெயர் எழுத ஒரு நோட்டு. வாளி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையக் குழு ஒன்றில் போட்டார். விதி ஒன்றுதான்: எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ. மூன்று நாளைக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே மாதக் கடைசியில் 'ஜியோகேச்சிங்' என்ற பெயர் பிறந்தது. செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று தனி இணையதளம் தொடங்கினார். இன்று 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. ஏழு கண்டங்களிலும் இருக்கின்றன என்றால் அன்டார்டிகாவும் கணக்கில் சேர்த்திதான்.

கேம்ப் கிரவுண்ட் எதற்கு?

அமெரிக்காவில் மாநிலப் பூங்காக்களில் கேம்ப் கிரவுண்ட் என்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண் போட்ட ஓர் இடம், மரமேஜை, தீமூட்ட இரும்பு வளையம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. பக்கத்தில் ஏரியோ ஆறோ இருக்கும், நடைபாதை இருக்கும், வாசலில் அலுவலகம் இருக்கும். வண்டிகள் மெதுவாகத்தான் போக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையைக் கண் பார்வையில் கொஞ்சம் தள்ளி நடக்கவிட, இதைவிட வாகான இடம் நகரத்தில் கிடைப்பது கஷ்டம்.

ஒரு விஷயம். எல்லாப் பூங்காவும் ஒரே மாதிரி இல்லை. தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் பெட்டி வைக்க முடியாது. ஆரம்ப வருடங்களில் வைத்தவற்றை அகற்றியும் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் பெட்டியே இல்லாத வகைதான்: குறிப்பிட்ட பாறைக்கோ நீரூற்றுக்கோ போய், கேள்விக்கு விடை கண்டுபிடித்து எழுதினால் போதும். மாநிலப் பூங்காக்கள் பல, கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. ஜார்ஜியா மாநிலப் பூங்காத்துறை தன் பூங்காக்களை இணைத்து, தானே ஒரு ஜியோகேச்சிங் சுற்று அமைத்திருக்கிறது. ஒரு பூங்காவுக்கு வந்த குடும்பத்தை இன்னொரு பூங்காவுக்கு வரவைக்க, அவர்களுக்கு இது நல்ல வழி.

புதிர் எப்படி இருக்கும்?

எளிய வகையில், பெட்டி இருக்கும் இடத்தின் எண்களை அப்படியே கொடுத்துவிடுவார்கள். புதிர் வகையில் எண்களைப் பாதி மறைத்துவிடுவார்கள். இப்படி வைத்துக்கொள்ளுங்களேன்:

வடக்கு 45 டிகிரி 17.அஆஇ நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.ஈஉஊ நிமிடம்.

அ = அலுவலக வாசல் பலகையில் உள்ள வருடத்தின் கடைசி எண். ஆ = படகுத்துறைக்கு இறங்கும் படிகள். இ = கழிப்பறைச் சுவரில் உள்ள குழாய்கள். இப்படியே ஆறு எழுத்துக்கும் ஆறு துப்பு. எல்லாம் கேம்ப் கிரவுண்டுக்குள்ளேயே. ஆறையும் எண்ணி முடித்து, எண்களை நிரப்பி, போனில் போட்டால் பெட்டி இருக்கும் இடம் வரைபடத்தில் வந்துவிடும்.

இதில் ஓர் அழகான சூட்சுமம் இருக்கிறது. அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்றாவது எண்ணில் ஒன்று பிசகினால், நீங்கள் இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் தள்ளிப்போவீர்கள். இரண்டாவது எண்ணில் ஒன்று பிசகினால் சுமார் 18 மீட்டர். முதல் எண்ணில் பிசகினால் சுமார் 185 மீட்டர். ஏரிக்கு அந்தக் கரையில் நின்றாலும் ஆச்சர்யப்படுவதற்கில்லை.

இதை உணர்ந்து புதிர் போடுகிறவர் என்ன செய்வார்? குழாய் எண்ணுவது மாதிரி, ஐந்து வயதுக் குட்டி செய்யக்கூடிய வேலையைக் கடைசி எண்ணுக்கு வைப்பார். குட்டி மூன்றை நான்கு என்று எண்ணினாலும் ஆட்டம் கெடாது. பலகையைப் படித்துக் கண்டுபிடிக்கும் வேலையை முதல் எண்ணுக்கு வைப்பார். 'ஆறு எண்களையும் கூட்டினால் 27 வர வேண்டும்' என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுவார். கணக்கு உதைத்தால் குடும்பமே நின்று, யார் எண்ணியது தப்பு என்று திரும்பிப் போய்ப் பார்க்கும். அம்மா எண்ணியது தப்பாகி, குட்டி எண்ணியது சரியாகிவிட்டால்... அந்த ஒரு நாள் முழுக்க யார் ராஜா என்று கேட்கவே வேண்டாம்!

குடும்ப விளையாட்டு என்று பெயர் வாங்குகிற பல விளையாட்டுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்து ஆடுவார்கள். பிள்ளைகளுக்கும் அது தெரியும். இங்கே ஆறு எண்ணில் ஒன்று குட்டியிடம் இருக்கிறது. அது இல்லாமல் பெட்டி கிடையாது.

ஏ.ஐ-யிடம் கேட்டால் வருமா?

ஜியோகேச்சிங் புதிர்களில் இன்னொரு ரகம் உண்டு. வீட்டில் உட்கார்ந்தே அவிழ்க்க வேண்டிய ரகசிய எழுத்து, குறுக்கெழுத்து, கணக்கு. விளையாட்டின் இணையதளத்தில் வரும் உபகுறிப்புகளே ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதும் பழைய முறையில்தான் இருக்கும். இவற்றையெல்லாம் இப்போது ஏ.ஐ செயலியிடம் படம் பிடித்துக் காட்டினால் போதும், காபி ஆறுவதற்குள் விடை வந்துவிடும். வீட்டுப்பாடத்துக்கு நேர்ந்த கதிதான் இந்தப் புதிர்களுக்கும்.

கேம்ப் கிரவுண்ட் புதிர் மட்டும் இதில் தப்பிக்கிறது. படகுத்துறைக்கு எத்தனை படி என்று எந்த ஏ.ஐ-க்கும் நிச்சயமாகத் தெரியாது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. தெரிய வேண்டுமென்றால் ஓர் ஆள் போய் எண்ண வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு, உலகத்திலேயே பெரிய கணினிக்குத் தெரியாத ஒரு விஷயம் இப்போது தெரியும். 'எல்லாம் போனில் இருக்கு' என்று நம்பி வளரும் தலைமுறைக்கு இது சின்ன விஷயம் இல்லீங்க.

கடைசி ஐந்து மீட்டர்

திறந்த வெளியில் ஒரு ஸ்மார்ட்போனின் ஜி.பி.எஸ் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் வரை விலகலாம் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ் தளமே சொல்கிறது. மரங்கள் அடர்ந்த இடத்தில் விலகல் இன்னும் கூடும். கேம்ப் கிரவுண்டில் மரத்துக்கா பஞ்சம்?

ஆக, 'வந்துவிட்டீர்கள்' என்று போன் சொல்லும் இடத்தில் பெட்டி இருக்காது. எங்கேயோ பக்கத்தில் இருக்கும். போனையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அம்புக்குறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். பழகியவர்கள் இந்த இடத்தில் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுவார்கள். 'நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன்?' என்று யோசிப்பார்கள். வேரின் இடுக்கு, விழுந்த கட்டை, இயல்பாக விழுந்த மாதிரி இல்லாமல் யாரோ அடுக்கிய மாதிரி இருக்கும் சுள்ளிக் குவியல்.

போனை வை என்று அப்பாவோ அம்மாவோ சொல்ல வேண்டியிருக்கவில்லை, கவனித்தீர்களா? இனிமேல் இதனால் பிரயோஜனம் இல்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது. தடைச் சட்டத்தால் செய்ய முடியாத வேலை இது.

ஆனால், எல்லாம் சுபம் இல்லை

இந்த விளையாட்டிலும் 'லைக்ஸ்' மாதிரி ஒரு நோய் உண்டு. யார் எத்தனை பெட்டி கண்டுபிடித்தார்கள் என்ற எண்ணிக்கை பெயருக்குப் பக்கத்தில் தெரியும். எண்ணிக்கையை ஏற்றவே சாலையோரம் வரிசையாகப் பெட்டிகளை வைத்த கதையும் நடந்திருக்கிறது. நெவாடா மாநிலத்தின் 'இ.டி. ஹைவே'யில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி இருந்தன. காரை நிறுத்து, குனி, எழுது, ஏறு, அடுத்தது. ஸ்க்ரோல் பண்ணுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாள் முழுக்க ஒரே ஒரு பெட்டிக்காக நடக்கும் கேம்ப் கிரவுண்ட் புதிர் இதற்கு நேர் எதிர். பிள்ளைகளோடு போகிறவர்கள் எண்ணிக்கைப் பக்கம் தலைவைக்காமல் இருப்பது நல்லது.

காட்டுக்கும் இதில் ஒரு விலை இருக்கிறது. நூறு பேர் ஒரே மரத்தைத் தேடிப் போனால் புல் மிதிபட்டுப் புதிய ஒற்றையடிப் பாதை உருவாகிவிடும். பூங்கா அதிகாரிகள் பெட்டிகளை எதிர்த்ததற்கு இது முக்கியக் காரணம். அதனால்தான் விதிகள் இறுகின. பெட்டியைப் புதைக்கக் கூடாது. முதல் வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது என்பது வேறு விஷயம். நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும். உணவு வைக்கவே கூடாது; கரடி உலவும் இடத்தில் ஒரு மிட்டாய் போதும், பெட்டியும் போச்சு, கரடிக்கும் கெட்ட பழக்கம் வந்தாச்சு. 2002 முதல், தேடப்போகும்போது குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வருவது என்று ஓர் இயக்கமும் நடக்கிறது.

புதருக்குள் யார் குனியலாம்?

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி இதுதான்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இவர்கள் வைத்த பெயர் 'மகிள்'. ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் அறியாத மனிதர்களுக்குச் சொல்லும் பெயர். மகிள் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பது விளையாட்டின் சுவாரஸ்யம். அந்த மகிள் கண்ணில் இவர்கள் எப்படித் தெரிவார்கள்? யாரோ ஒருவர் பொது இடத்தில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டுப் போகிறார். 2011ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்துப் பயந்து, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதைத் தகர்த்தே விட்டார்கள்.

சந்தேகம் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. புதருக்குள் குனிந்து தேடும் தங்களைப் பார்த்ததும் ஆட்கள் வந்து விசாரிப்பது பற்றி அமெரிக்காவின் கறுப்பின ஜியோகேச்சர்கள் 2020ல் வெளிப்படையாகப் பேசினார்கள். வெள்ளைக்காரர் குனிந்தால் பொழுதுபோக்கு. அவர்கள் குனிந்தால் போலீஸுக்கு போன். அமெரிக்காவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கூடாரமும் குக்கருமாகப் பூங்காக்களுக்குக் கிளம்புகின்றன. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த தாத்தா பாட்டியும் கூடவே போகிறார்கள். அவர்களுக்கும் இது யாரோ ஒருவருடைய பிரச்னை கிடையாது.

கேம்ப் கிரவுண்ட் இந்த இடத்தில் கொஞ்சம் கைகொடுக்கிறது. அங்கே எல்லோரும் பணம் கட்டி வந்த விருந்தாளிகள். புதிர்த் தாள் அலுவலக மேஜையில் வெளிப்படையாகக் கிடைத்தால், யார் கேட்டாலும் காட்டலாம். அனுமதி என்பது புல்லைக் காப்பாற்றும் விதி மட்டும் இல்லை, தேடுகிறவர்களையும் காப்பாற்றுகிறது. பிரச்னை தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் பயமில்லாமல் குனிந்து தேடும் இடம்தான் பொது இடம் என்று, ஒரு சின்ன டப்பா நமக்கு நினைவுபடுத்துகிறது.

கிளம்பும் முன்...

* ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும். ஒன்று கஷ்டத்துக்கு, ஒன்று நிலத்துக்கு. இரண்டும் 1 முதல் 5 வரை. பிள்ளைகளோடு முதல் தடவை என்றால் இரண்டும் 2க்குள் இருக்கட்டும். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம்.

* பெட்டியின் அளவையும் பாருங்கள். 'மைக்ரோ' என்றால் பழைய ஃபிலிம் டப்பா சைஸ். உள்ளே ஒரு தாள் சுருள் மட்டுமே இருக்கும். பொம்மை எதிர்பார்க்கும் பிள்ளை ஏமாந்துவிடும். 'ரெகுலர்' தேடுங்கள்.

* பென்சில் கொண்டு போங்கள். ஈரத்திலும் குளிரிலும் பேனா மக்கர் பண்ணும்.

* ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ளதோ, அதைவிட நல்லதோ வைக்க வேண்டும். என்ன வைப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால், அது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பயணம் போகும் பயணி. அடுத்த பெட்டியில் சேர்ப்பதாக இருந்தால் மட்டுமே எடுங்கள்.

* அமெரிக்கக் காடுகளில் மூன்று மூன்று இலையாக வரும் 'பாய்சன் ஐவி' பட்டால் தோல் கொப்புளிக்கும். கையை விடும் முன் இலையைப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பியதும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே திரும்ப வையுங்கள்.

கடைசி வரியைப் பலரும் சாதாரணமாகக் கடந்துவிடுவார்கள். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பூட்டு கிடையாது, காவல் கிடையாது, கேமரா கிடையாது. முகம் தெரியாத ஒருவர் வைத்ததை முகம் தெரியாத நூறு பேர் திறந்து பார்த்து, பெயர் எழுதி, அடுத்து வரப்போகிற முகம் தெரியாத பிள்ளைக்காக மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள். முன்பின் தெரியாதவர்களை நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களுக்காக நல்லது ஒன்றைச் செய்துவிட்டு வரலாம் என்று சொல்லிக்கொடுக்க, இந்தக் கோடையில் ஒரு டப்பா போதும்.